மூக்குக் கண்ணாடி கொடுக்கப் போனவன்

ஈப்போவிலிருந்து கடல் கடந்து புறப்படும்போது என் பெட்டியில் மூன்று சட்டை, இரண்டு கால்சட்டை, ஐம்பத்து மூன்று மூக்குக் கண்ணாடிகள் இருந்தன. கண்ணாடிகள் எல்லாம் எங்கள் தேவாலயப் பங்கு மக்கள் போட்டுக் கழித்தவை. அந்தத் தவக்காலத்தில் எங்கள் கோயிலின் தர்மக் குழுவுக்கு நான் தலைவன். தபால் இலாகாவில் முத்திரை குத்தி ஓய்வு பெற்ற ஒருவனுக்கு இப்படி ஒரு பதவி கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி. செபத்தையும் உபவாசத்தையும் மக்கள் தாங்களாகவே பார்த்துக்கொள்வார்கள், தர்மத்துக்கு மட்டும் என்னைப் போல ஒருவர் தேவை என்று நம்பினேன். கொடுப்பதை மறைவாகக் கொடுக்க வேண்டும் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மைக் பிடித்துப் பேசினேன். அந்தப் பேச்சை அச்சடித்துக் கோயில் வாசலில் ஒட்டவும் செய்தேன், அடியில் என் பெயரைக் கொஞ்சம் பெரிய எழுத்தில் போட்டு.

சுனாமி வந்துபோய் ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கடற்கரை ஊர் ஒன்றுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று குழுவில் பேச்சு வந்தது. என் மனைவிக்கு முழங்கால் வலி நின்றதற்காக வேளாங்கண்ணிக்கு ஒரு நேர்ச்சை பாக்கி இருந்தது. இரண்டும் ஒரே பயணத்தில் முடிய வேண்டும் என்று கணக்குப் போட்டுப் புதுச்சேரியைத் தேர்ந்தெடுத்தேன். பங்குச் சாமியார் தன் டிஜிட்டல் கேமராவைக் கையில் கொடுத்து, அறிவிப்புப் பலகைக்குப் படங்கள் வேண்டும் என்றார். அதை அவர் சொல்லாமலே செய்திருப்பேன்.

புதுச்சேரியில் கன்னியர் மடம் ஒன்றின் விருந்தினர் இல்லத்தில் எனக்கு அறை சொல்லிவைத்திருந்தார்கள். பஸ் நிலையத்தில் ஆட்டோக்காரரிடம் "கான்வென்ட்" என்று மட்டும் சொன்னதுதான் பிழை. அந்த ஊரில் தெருவுக்கு ஒரு கான்வென்ட். மூன்று மடங்களின் கதவைத் தட்டினோம். ஒவ்வொன்றிலும் ஒரு சிஸ்டர் வந்து, என் பெட்டியைப் பரிதாபமாகப் பார்த்து, அடுத்த மடத்துக்கு வழி சொன்னார். நான்காவதில் சிஸ்டர் மார்த் எங்களுக்காக வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். மூன்றாவது மடத்திலிருந்து போன் வந்துவிட்டதாம்.

சிஸ்டர் மார்த்துக்கு எழுபது வயது இருக்கும். பழைய புதுச்சேரிக் குடும்பம். என்னைப் பிரெஞ்சில் மெஸ்யே, அதாவது ஐயா, என்றுதான் கூப்பிட்டார். அறையில் இரண்டு கட்டில்கள். கதவின் பின்புறம் விதிகள் எழுதித் தொங்கின. முதல் விதி: ஓர் அறைக்கு ஒருவர் மட்டுமே. சாப்பாட்டுக்கு நீளமான ரொட்டியும் குருமாவும் வந்தன. எங்கள் ஊர்ப் பரோட்டாவான ரொட்டி சானாயைப் பிய்த்து டாலில் தோய்த்துப் பழகிய கை, இந்த ரொட்டியோடு சற்று நேரம் போராடியது. மேல்தோல் மரப்பட்டை போல, உள்ளே பஞ்சு. மூன்றாவது துண்டில் எங்களுக்குள் சமாதானம் ஏற்பட்டது.

மறுநாள் காலை கண்ணாடிப் பையோடு வைத்திக்குப்பம் போனேன். மணலில் படகுகள் வரிசையாகக் கிடந்தன. நான் வந்த விஷயத்தைச் சொன்னதும் வலைமேல் உட்கார்ந்திருந்த ஒருவர், கடலைக் காட்டி, அதோ அந்தப் படகில் எழுதியிருக்கும் நம்பர் தெரிகிறதா என்று கேட்டார். எனக்குப் படகே தெரியவில்லை. அவர் நம்பரைப் படித்தார். பக்கத்தில் இருந்தவர் படகில் எத்தனை பேர், அதில் யாருக்கு ஜலதோஷம் என்பதுவரை சொன்னார். பிறகு இருவரும் என் கண்ணாடியை அக்கறையோடு பார்த்தார்கள். மீன் விற்கிற அம்மா ஒருவர் ஒன்றைப் போட்டுக்கொண்டு தன் கூடையைப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். மீன் இவ்வளவு பெரிதாகத் தெரிந்தால் விலையைக் குறைக்க மனசு வராதாம். மொத்தம் ஐந்து கண்ணாடிகள் போயின. அதில் இரண்டை வாங்கியவர்கள், கறுப்புக் கண்ணாடி இல்லையா என்று கேட்டுவிட்டு வேறு வழியில்லாமல் எடுத்துக்கொண்டவர்கள்.

பிற்பகலில் பெரிய மார்க்கெட்டுக்குப் போனேன். அங்கே பிழைத்தேன். பூக்கட்டும் பெண்களுக்குக் கிட்டத்தில் பார்க்கிற கண்ணாடி நிஜமாகவே தேவையாயிருந்தது. ஒருவர் போட்டுப் பார்த்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட, இருபது இருபத்தைந்து கண்ணாடிகள் அரைமணி நேரத்தில் கைமாறின. கேமராவைப் பழக்கடைக்காரரிடம் கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னேன். வாங்குகிறவர் சிரிக்க வேண்டும், கொடுக்கிற என் கை தெரிய வேண்டும், முகமும் தெரிந்தால் நல்லது என்று விளக்கினேன். பின்னால் பார்த்தபோது எல்லாப் படத்திலும் நான் இருந்தேன். சிலவற்றில் நான் மட்டும்தான் இருந்தேன்.

கூட்டம் கலைந்து பையைக் கட்டும்போது ஒருவர் வந்து நின்றார். மூட்டை தூக்குகிறவர், ஐம்பது வயதுக்கு மேலே, ஒல்லி, தலையில் சும்மாட்டுத் துண்டு. அவர் பெயரை இன்னாசி என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு. தொழிலையும் மாற்றியிருக்கலாம், ஆனால் மாற்றினால் கதையே இல்லை.

எனக்கும் ஒன்று பாருங்கள் என்று தணிந்த குரலில் கேட்டார். மிச்சம் இருந்த எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தார். எல்லாமே புகை மாதிரிதான் இருக்கிறது என்றார். நான் இரண்டு விரலைக் காட்டி எத்தனை என்றேன். அவர் என் விரல் இருந்த திசைக்குச் சற்று இடதுபுறம் பார்த்து, "நீங்க எத்தினி காட்டுறீங்களோ அத்தினி" என்று சொல்லிச் சிரித்தார்.

கண்ணை அலட்சியப்படுத்தக் கூடாது, டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தேன். அவர் பொறுமையாகக் கேட்டார். டாக்டரை இரண்டு முறை பார்த்தாகிவிட்டதாம். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் முற்றிவிட்டது, எடுத்துவிடலாம் என்று அரசு ஆஸ்பத்திரியில் இரண்டு முறை நாள் கொடுத்தார்கள். கூட ஓர் ஆள் இல்லாமல் வரக்கூடாது என்றார்கள். ஆள் இல்லாததால் இரண்டு நாள்களையும் தவறவிட்டார். மூன்றாவது நாள் மறுநாளைக்கு இருந்தது. மனைவி இறந்து ஏழு வருடம். மகள் கடலூரில்.

"பொண்ணுக்குத் தெரிஞ்சா வேலைய வுட்டுட்டு வந்து எங்க வூட்ல குந்துன்னும். இங்க யாருக்காவது தெரிஞ்சா நாளைக்கே மூட்டைய வேற ஆளுகிட்ட குடுத்துடுவாங்க. கண்ணு தெரியாதவன் தலையில எவன் சார் முட்டக் கூடைய ஏத்துவான்?" என்றார். பிறகு, "நீங்க வெளியூரு. கொஞ்ச நாள்ல போய்டுவீங்க. உங்களுக்கு இங்க யாரத் தெரியும், சொல்றதுக்கு?"

என் வாழ்க்கையில் என்னை ஒருவர் தேர்ந்தெடுத்த முதல் சந்தர்ப்பம் அது. எந்த மரியாதைக்கும் அல்ல, யாருக்கும் பயன்படாதவன் என்பதற்காக.

மறுநாள் அதிகாலை ஆறு மணிக்கு எனக்கு வேளாங்கண்ணிக்குக் கார் வரும். ஆகவே, செபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றேன். ஈப்போவில் நான் தர்மத்துக்குக் கேட்கும்போதெல்லாம் கொடுக்க விருப்பமில்லாதவர்கள் எனக்குச் சொல்லும் பதில் அது. அதன் பொருள் எனக்குத் தெரியும். இன்னாசிக்குத் தெரியவில்லை. "சரிங்க சார், செபம் பண்ணிட்டு வாங்க. நான் இங்கியே நிக்கறேன்" என்று சொல்லிவிட்டுத் தூண் ஓரமாக நின்றுகொண்டார்.

வேறு வழியில்லாமல் பக்கத்தில் இருந்த கோயிலுக்குப் போய்ப் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். செபம் என்று சொல்ல முடியாது. இந்த மனிதருக்கு நல்ல ஆள் ஒருவரை அனுப்பும், நான் இல்லாத ஒருவரை, என்று ஆண்டவரிடம் வாதாடினேன். வேறு வாசல் வழியாக வெளியேறி ஆட்டோ பிடிக்கலாமா என்றும் யோசித்தேன். வேறு வாசல் பூட்டியிருந்தது. திரும்பி வந்தபோது இன்னாசி அதே தூணில் இருந்தார். என் காலடி கேட்டு முகத்தைத் திருப்பி, "என்ன சொன்னாரு?" என்றார்.

ஆண்டவர் ஒன்றும் சொல்லவில்லை. சங்கடம் தாங்காமல், "போகச் சொன்னார்" என்று நான்தான் சொன்னேன்.

இன்னாசி மார்க்கெட்டில், தான் வேளாங்கண்ணிக்கு நடந்து போவதாகச் சொல்லிவிட்டார். தவக்காலம் ஆனதால் யாரும் சந்தேகப்படவில்லை. மூன்று பேர் உண்டியலில் போடச் சொல்லிச் சில்லறை வேறு கொடுத்தார்கள். நான் போகவேண்டிய ஊருக்கு அவர் போனதாகப் பேர். அவருக்காக நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

மறுநாள் காலை காரை அனுப்பிவிட்டு வரிசையில் நின்றேன். ரத்தம், சர்க்கரை, பிரஷர் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை. எங்கள் ஊரில் நம்பர் சீட்டு எடுத்துக்கொண்டு உட்காரலாம். இங்கே முன்னால் இருப்பவரின் முதுகுதான் நம்பர். படிவத்தில் நோயாளிக்கு நான் என்ன உறவு என்று ஓர் இடம் இருந்தது. பேனாவை வைத்துக்கொண்டு விழித்தேன். பின்னால் நின்ற பெண் அவசரப்படுத்தவே, அண்ணன் என்று எழுதினேன்.

காத்திருந்த நேரத்தில், கண் தெரியாமல் எப்படி மூட்டை தூக்குகிறீர்கள் என்று கேட்டேன். லாரியிலிருந்து பூக்கடைச் சந்துவரை நாற்பத்திரண்டு எட்டாம். நடுவில் ஒரு சாக்கடை மூடி; மிதித்தால் ஆடும். கருவாட்டு நாற்றம் வந்தால் வலதுபுறம் திரும்ப வேண்டும். எதிரில் யாராவது வந்தால், "ஓரம் ஓரம்" என்று கத்தினால் அவர்களே நகர்ந்துவிடுவார்கள். மூன்று வருடமாக அப்படித்தான். ஒரே ஒரு முறை கருவாட்டுக்காரர் கடை மாற்றிப் போட்ட அன்று நேராகப் போய்த் தேங்காய் அம்பாரத்தின் மேல் விழுந்தாராம். குடித்திருப்பதாகச் சொல்லித் தப்பித்துக்கொண்டார். அவர் குடிப்பதே இல்லை.

"குடிகாரன்னா மறுநாள் வேலை குடுப்பாங்க சார்" என்றார்.

அடுத்த நாள் அறுவை சிகிச்சை. கூப்பிடும்வரை கலகலப்பாகப் பேசிக்கொண்டிருந்தவர், பெயர் சொல்லிக் கூப்பிட்டதும் என் மணிக்கட்டைப் பிடித்தார். மூட்டை தூக்கிய கையின் பிடி. செவிலியர் வந்து விரல்களைப் பிரித்து அழைத்துப் போனார். முக்கால் மணி நேரத்தில் கட்டுப் போட்ட கண்ணோடு திரும்பி வந்து, பசிக்கிறது என்றார். பசியாறலாம் வாருங்கள் என்றேன். எங்கள் ஊர்ப் பேச்சு. அவர் அந்த வலியிலும் சிரித்து, "டிபன் துன்னலாமான்னு கேளுங்க சார்" என்றார். அன்றைய இரவு அவர் கட்டிலில், நான் தரையில். அதற்கு மேல் அதைப் பற்றி எழுத விரும்பவில்லை. என் முதுகுக்கு இன்னும் நினைவிருக்கிறது.

காலையில் கட்டைப் பிரித்தார்கள். டாக்டர் விரல்களைக் காட்டினார். மூன்று என்றார் இன்னாசி. பிறகு நான்கு. எல்லாம் சரி. அதன்பின் இன்னாசி ஒவ்வொன்றாகப் பார்க்க ஆரம்பித்தார். சுவரைப் பார்த்தார். ஜன்னல் கம்பியைப் பார்த்தார். தன் கைகளைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். கண்கலங்க நின்ற என்னைக் கடைசியாகத் திரும்பிப் பார்த்தார்.

"இவ்ளோ வயசானவரா சார் நீங்க?" என்றார். "கொரல வச்சி நாப்பது சொல்லியிருப்பேன்."

ஒரு மாதம் கனம் தூக்கக் கூடாது, குனியக் கூடாது, தண்ணீர் படக் கூடாது, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை சொட்டு மருந்து என்றார் டாக்டர். இன்னாசி தங்கியிருந்தது மார்க்கெட் ஆட்கள் நான்கு பேரோடு ஒரே அறையில். அங்கே போனால் வேளாங்கண்ணி அம்பலமாகிவிடும். அப்படித்தான் என் அறையின் இரண்டாவது கட்டிலுக்கு ஆள் வந்தது.

சிஸ்டர் மார்த் கேட்டால் எனக்கு உறவுக்காரர் என்று சொல்லும்படி இன்னாசியிடம் சொல்லிவைத்திருந்தேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடியோடு நின்றவரைப் பார்த்து, அப்பா வழியா அம்மா வழியா என்று கேட்டார் சிஸ்டர். "அப்பா வழி" என்றேன் நான். "அம்மா வழி" என்றார் இன்னாசி, அதே நொடியில். சிஸ்டர் இருவரையும் பார்த்து, "போன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். அந்த ஊரில் அந்தப் பிரெஞ்சு வார்த்தைக்கு நல்லது, சரி, போதும் நிறுத்து என்று எல்லா அர்த்தமும் உண்டு. அன்று மாலை அறைக்கு இரண்டு தட்டு வந்தது. ஒன்றில் மட்டும் ரொட்டியின் கடினமான மேல்தோலை எடுத்துவிட்டுப் பாலில் ஊறவைத்திருந்தார்கள்.

ஐந்து நாள் அப்படிப் போயிற்று. கொடுக்கும்போது மனதில் ஊறும் மகிழ்ச்சியைப் பற்றி தர்மக் குழுவுக்காக நான் எழுதிய சிறு பிரசுரத்தில் ஒரு முழுப் பக்கம் உண்டு. அந்த ஐந்து நாளில் அது ஒரு தடவைகூட ஊறவில்லை. அவர் குறட்டை விட்டார். மின்விசிறியை ஒன்றில் வைத்தால் வேர்க்கிறது என்றார், இரண்டில் வைத்தால் கண் காய்கிறது என்றார். என் சவரக் கண்ணாடியை வாங்கி வைத்துக்கொண்டு தன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் சவரம் செய்யக் கேட்டு வாங்க வேண்டியிருந்தது. சொட்டு மருந்து விடுவதில் நான் மகா மோசம். முதல் நாள் நெற்றியிலும் மூக்கிலும் விட்டேன்.

"சார், மூக்குக்கு ஆப்பரேசன் பண்ணலயே" என்றார் அசையாமல் படுத்துக்கொண்டு.

எரிச்சலாக இருந்தது. வேளாங்கண்ணி போயிருந்தால் இந்நேரம் மெழுகுவர்த்தி கொளுத்தி, நேர்ச்சை முடித்து, ஊருக்கு எண்ணெய் வாங்கிக்கொண்டு புண்ணியத்தோடு திரும்பியிருப்பேன் என்று ஒவ்வொரு சொட்டுக்கும் நினைத்துக்கொண்டேன். எரிச்சலோடுதான் விட்டேன். ஆனால் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை விட்டேன். கண்ணுக்கு என் மனநிலை தெரியவில்லை. அது தன்பாட்டுக்கு ஆறிக்கொண்டு வந்தது.

தெரு முனை பூத்திலிருந்து வீட்டுக்குப் பேசினேன். நேர்ச்சை இந்த முறை முடியாது, ஒரு நோயாளியைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். "யாரு, நீங்களா?" என்றாள் என் மனைவி. தன் முழங்கால் வலித்தபோது ஒரு தைலம் தேய்க்கச் சொன்னதற்குத் தர்மக் குழுக் கூட்டம் இருக்கிறது என்று போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டாள். ஞாபகம் இருந்தது. அப்புறம், "மாதா எங்கயும் போயிட மாட்டாங்க. அவரைப் பாத்துட்டு வாங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

ஊருக்குக் கிளம்பும் முன் சிஸ்டர் மார்த்திடம் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று போனேன். ஓர் அறைக்கு ஒருவர் என்ற விதியை மீறியதற்கு மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அந்தப் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று தனக்குச் சரியாகத் தெரியவில்லை, எழுத்து ரொம்பச் சின்னது என்றார். என் புத்தி போகுமா? பையில் மிச்சமிருந்த கண்ணாடிகளில் ஒன்றை உடனே எடுத்து நீட்டினேன்.

"வேணாம் மெஸ்யே" என்றார் சிஸ்டர். "இப்படியே இருக்கட்டும்."

வாயில் காவலாளி ஒரு மாதம் லீவில் ஊருக்குப் போகிறார், கேட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியில் உட்கார ஓர் ஆள் தேவை, சாவியைவிடக் கனமானது எதையும் தூக்க வேண்டியதில்லை, உங்கள் அம்மா வழி உறவுக்காரருக்குச் சம்மதமா என்று கேட்டார். அவருக்குப் பின்னால் காவலாளி, தனக்கு லீவு கிடைத்த செய்தியை அப்போதுதான் கேட்டவர் போல வாயைப் பிளந்துகொண்டு நின்றார். மார்க்கெட்டுக்கு, இன்னாசி வேளாங்கண்ணியிலேயே ஒரு மாதம் கோயில் வேலைக்குத் தங்கிவிட்டார் என்று தகவல் போயிற்று. அதைச் சொல்லியனுப்பியது யார் என்று நான் கேட்கவில்லை. சிஸ்டர் செபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை விமானத்துக்காக நான் சென்னை பஸ் ஏறக் கிளம்பினேன்; பஸ் நிலையத்துக்குத் தானும் வருவேன் என்று இன்னாசி பிடிவாதம் பிடித்தார். மார்க்கெட் ஆட்கள் யாரும் அந்நேரத்தில் அந்தப் பக்கம் வரமாட்டார்களாம். ஆட்டோவிலிருந்து இறங்கியதும் பெட்டியின் பிடியில் கை வைத்தார். டாக்டர் சொன்னதை நினைவூட்டிப் பிடுங்கினேன். இது மூட்டையே இல்லை சார் என்று அவர் இழுத்தார். நாங்கள் நடுவழியில் பெட்டியை மாறி மாறி இழுப்பதைப் பார்த்த இரண்டு மூன்று பேர், சண்டை என்று நினைத்து நின்றுவிட்டார்கள். கடைசியில் நானே தூக்கிக்கொண்டு நடந்தேன். அவர் வெறுங்கையோடு பக்கத்தில் வந்தது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று முகத்தில் தெரிந்தது. வாங்கிக்கொண்டு சும்மா நிற்பது எவ்வளவு சிரமம் என்று என் பிரசுரத்தில் ஒரு வரிகூட இல்லை.

கிளம்பத் தயாராக உறுமிக்கொண்டிருந்த பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். பெட்டியை மடியில் ஏற்றிக்கொண்டேன். மனம் இளகிவிட்டது. இடது கண்ணையும் மறக்காமல் எடுத்துவிட வேண்டும், மகளிடம் சொல்லிவிட வேண்டும் என்று ஜன்னல் வழியாக ஒரு கடைசிப் பிரசங்கத்தை ஆரம்பித்தேன். இன்னாசி கேட்கவில்லை. கறுப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, பஸ்ஸின் நெற்றியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அஞ்சாம் வகுப்புவரை படித்தவர். உதடு அசைந்தது.

"சார், எறங்குங்க" என்றார். "இது விழுப்புரம் பஸ்ஸு."

மூக்கின்மேல் இருபது வருடமாகக் கண்ணாடி மாட்டியிருக்கும் நான், ஒரு பஸ் நிறைய ஆள்களுக்கு நடுவே, பெட்டியை ஒவ்வொருவர் முழங்காலிலும் இடித்துக்கொண்டு இறங்கினேன். அவர் முன்னால் நடந்து ஒவ்வொரு பஸ்ஸாகப் பார்த்து, நான்காவதில் நின்று விரலை நீட்டிப் படித்தார்: சென்னை. காலாப்பட்டு வழி. என்னை ஏற்றி உட்காரவைத்துவிட்டு, சந்தேகத்துக்கு இடமில்லாமல் இன்னொரு முறையும் படித்தார்.

நான் நன்றி சொல்ல வாய் எடுத்தேன். அவருக்கு அதற்கு நேரம் இல்லை. பஸ்ஸின் பக்கவாட்டில் எழுதியிருந்ததைப் படித்துக்கொண்டே பின்னால் நகர்ந்துகொண்டிருந்தார். ஏறும் வழி. இறங்கும் வழி. அவசர வழி. பஸ் நகர்ந்து நிலையத்தைவிட்டு வெளியே திரும்பியது. திரும்பிப் பார்த்தேன். கையசைக்க மறந்து நடுவழியில் நின்று, போகிற பஸ்ஸின் முதுகில் இருந்ததை உரக்கப் படித்துக்கொண்டிருந்தார் இன்னாசி: "போதிய இடைவெளி விட்டு வரவும்."